அடி வாங்கினான், திருப்பி அடித்தான்: அவ்வளவுதானா ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’?

கேள்வி: ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’ (மகேஷின் பழிவாங்கல்) என்ற மலையாளப் படத்தை ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒருவன் கடைத்தெருவில் அடி வாங்குகிறான். திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்கிறான். கடைசியில் அடித்துவிடுகிறான். இதில் அப்படி என்ன இருக்கிறது? இதையே தமிழில் ‘நிமிர்’ என்று எடுத்தபோது ஏன் எடுபடவில்லை?

பதில்:

கதை அவ்வளவுதான். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த மூன்று வரிக்குள் ஒரு மலையோரச் சந்திப்பின் கடைகள், சாவுவீடுகள், வெளிநாட்டு விசாக்கள், தேய்ந்துபோன ஒரு தொழில் எல்லாம் எப்படி அடங்கின என்பதுதான் விஷயம். அது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய சங்கதி.

முதலில் அந்தச் செருப்பு. அது திரைக்கதைக்காக யோசித்து உண்டாக்கியது அல்ல. படத்தை எழுதிய சியாம் புஷ்கரன் ஆலப்புழை மாவட்டத்தின் சேர்த்தலைப் பக்கம், துறவூரைச் சேர்ந்தவர். அவருடைய ஊரில் ஒருவர் அடிபட்ட அவமானத்தில் இப்படி ஒரு சபதம் எடுத்து, செருப்பில்லாமல் நடந்தாராம். அதுதான் கதையின் விதை. துறவூர் காயலும் மணலும் தென்னையுமாக விரிந்த சமதளம். படமோ இடுக்கி மலையில், பிரகாஷ் என்ற ஊரில் நடக்கிறது. கற்பனைப் பெயர் போலத் தோன்றினாலும், தோப்ராங்குடிக்குப் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கும் ஊர் அது. ஏன் மலைக்கு ஏற்றினார்கள்? என் கணிப்பு ஒன்று உண்டு. மணலில் வெறுங்காலோடு நடப்பவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சரளைக்கல் சாலையிலும், மழைக்காலத்தில் அட்டை ஏறும் புல்சரிவிலும் வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு அடியிலும் சபதம் நினைவுக்கு வரும். நடப்பவனுக்கும் வரும், பார்க்கிறவனுக்கும் வரும்.

தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கம்பம்மெட்டு வழியாக அந்த மலை ஏறியவர்களுக்கு ஒன்று தெரியும். மூன்று சாலைகள் சந்திக்கும் இடம், நான்கு கடை, ஒரு ஜீப் நிறுத்தம், தள்ளி ஒரு தேவாலயம். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் ‘சிட்டி’ என்று பெயர் வைத்திருப்பார்கள். கேலிக்காகச் சொல்வதில்லை, மனதாரத்தான் சொல்வார்கள். 1940களின் உணவுப் பஞ்சத்தில், காட்டைத் திருத்தி உணவுப் பயிர் விளைவியுங்கள் என்று திருவிதாங்கூர் அரசு ஊக்கம் கொடுத்தபோது, பாலா, காஞ்சிரப்பள்ளி பக்கத்திலிருந்து கிறித்துவ விவசாயக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறின. யானையோடும் மலேரியாவோடும் மல்லுக்கட்டி மரவள்ளி நட்டார்கள், பிறகு மிளகு, ஏலம். அவர்களுக்கு அந்த நான்கு கடை உண்மையாகவே நகரம்தான். இடுக்கி தனி மாவட்டமானதே 1972இல்தான். ஆக, படத்தில் நாம் பார்ப்பது பழைய கிராமம் இல்லை. இரண்டு, மூன்று தலைமுறைக்கு முன் உண்டான ஊர். ஜமீன்தார், தறவாடு என்னும் பூர்வீகக் கூட்டுக்குடும்ப வீடு, குலதெய்வத் திருவிழா என்று கிராமப் படங்களுக்கு வழக்கமாகத் தேவைப்படும் சாமான்கள் எதுவும் அங்கே கிடையாது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் மானம் என்பது பக்கத்துக் கடைக்காரர் கண்ணில்தான் இருக்கிறது.

இந்த நிலப்பரப்பு படக்குழுவுக்குப் புதிதில்லை. தயாரித்த ஆஷிக் அபு 2013இல் ‘இடுக்கி கோல்ட்’ இயக்கியவர். அதன் எழுத்திலும் சியாம் புஷ்கரன் இருந்தார். படத்தை இயக்கிய திலீஷ் போத்தன் ஆஷிக் அபுவிடம் உதவியாளராக இருந்தவர். முறையாக நாடகம் படித்தவர், கோட்டயம் மாவட்டத்துக்காரர். மலையேறிய குடும்பங்களின் பேச்சும் சாப்பாடும் கோபமும் எங்கிருந்து வந்தனவோ, அந்த மண்ணிலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அவருடைய முதல் படம். ஷைஜு காலிதின் ஒளிப்பதிவு, சைஜு ஸ்ரீதரனின் படத்தொகுப்பு, பிஜிபாலின் இசை. வசனங்களைப் பின்னால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசி ஒட்டாமல், படப்பிடிப்பின்போதே ஒலிப்பதிவு செய்தார்கள். கேட்கும்போது அது தெரியும். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே விழுகிறார், தூரத்தில் ஜீப் உறுமுகிறது, வாக்கியங்கள் பாதியில் அறுந்துவிடுகின்றன.

தொடக்கக் காட்சியிலேயே மகேஷ் ஓடையில் நின்று செருப்பைக் கழுவுகிறான். அவசரம் இல்லை, வாரிடுக்கில் இருக்கும் சேற்றைக்கூட விடாமல் கழுவுகிறான். ஒரு செருப்பு தண்ணீரோடு போகிறது. அதைப் பிடிக்கிறான். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது நேரப்போக்குபோல இருக்கும். அதைத் தொடர்ந்து ரஃபீக் அகமது எழுதி பிஜிபாலே பாடிய இடுக்கிப் பாட்டு. மாவட்டத்தை ஒரு கெட்டிக்காரப் பெண்ணாகப் பாவித்து, ‘இடுக்கி’க்கு ‘மிடுமிடுக்கி’ என்று எதுகை போடும் பாட்டு. நம் ஊர் ‘மிடுக்கு’தான் அங்கே கெட்டிக்காரத்தனமாகியிருக்கிறது. சுற்றுலாத் துறைக்கு எழுதிக் கொடுத்தது போலிருக்கிறதே என்று எனக்கு முதலில் தோன்றியது உண்மை. ஆனால் அந்தப் பாட்டுக்குள்ளேயே ஊரின் ஆட்கள், கடைகள், தொழில்கள் எல்லாம் அறிமுகமாகிவிடுகின்றன. பாட்டு முடியும்போது நீங்கள் அந்தச் சந்திப்பில் தேநீர் குடித்துவிட்ட ஆளாகிவிடுகிறீர்கள்.

இனி ஸ்டுடியோ. எனக்கு இந்தப் படத்தில் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மகேஷின் கடைக்குப் பெயர் பாவனா ஸ்டுடியோ. அப்பா வின்சென்ட் பாவனா தொடங்கியது. கடையின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. மலையாளத்தில் ‘பாவன’ என்றால் கற்பனை. அந்தக் கடையில் நடக்கும் வேலைக்கும் கற்பனைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் தாடையைக் கொஞ்சம் தூக்குங்கள், தோளை இறக்குங்கள் என்று ஒரே மந்திரத்தை ஓதிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறான். கேரளத்தின் சின்ன ஊர்களில் ஸ்டுடியோக்கள் பிழைத்ததே பெரும்பாலும் மூன்று விஷயங்களால்தான்: பாஸ்போர்ட், கல்யாணம், சாவு.

சாவு என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். கேரளக் கிறித்துவ வீடுகளில் அடக்கத்துக்கு முன்பு சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்று படம் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். முதலில் மனைவி மக்கள், அடுத்து மருமக்கள், பிறகு பேரன் பேத்திகள் என்று வரிசையாக அழைத்து நிறுத்துவார்கள். வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருந்து வரமுடியாத மகனுக்கு அதுதான் கடைசிப் பார்வை. அழுகைக்கு நடுவே ‘கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்’ என்று சொல்லும் உரிமை அங்கே புகைப்படக்காரனுக்கு மட்டும்தான் உண்டு. படத்தில் மகேஷ் தன் காதலி சௌமியாவைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பே ஒரு சாவுவீட்டில்தான். தொழில் நிமித்தம் கேமரா வழியாகப் பார்க்கலாம், யாரும் கேட்கமுடியாது. துக்க வீட்டில் காதல் பார்வை என்பதை இரட்டை அர்த்த நகைச்சுவையாக மாற்ற ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். படம் அந்த அடியை எடுத்து வைப்பதில்லை. நமக்குச் சிரிப்பு வருகிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை.

இந்த இடத்தில்தான் மலையாளக் கிராம நகைச்சுவை மரபோடு இந்தப் படத்துக்கு இருக்கும் உறவும் விலகலும் தெரியும். 1980களின் பின்பாதியில் இயக்குநர் சத்யன் அந்திக்காடு ஒரு பாதை போட்டார். ரகுநாத் பலேரி எழுதி 1988இல் வந்த ‘பொன்முட்டையிடுந்ந தாறாவு’, ஸ்ரீனிவாசன் எழுதி 1991இல் வந்த ‘சந்தேசம்’ இரண்டும் இன்றைக்கும் மேற்கோளாகிக் கொண்டிருக்கின்றன. தட்டான், வெளிச்சப்பாடு (கோயில் சாமியாடி), தேநீர்க்கடைக்காரர் என்று தொழிலோடு ஒட்டிய மனிதர்கள், ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் சில்லறைப் பொறாமை, நடுவே ஓர் ஏமாற்றம்: இதுதான் அந்தப் பாதை. சங்கராடி, ஒடுவில் உண்ணிகிருஷ்ணன், மாமுக்கோயா, இன்னசென்ட், கே.பி.ஏ.சி. லலிதா ஆகிய நடிகர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அவர்கள் திரையில் வந்து நின்றாலே சிரிக்கத் தயாராகிவிடுவோம். ‘மகேஷ்’ படத்தில் அப்படிச் சிரிப்புக்கென்று ஆள் கிடையாது. மகேஷின் பக்கத்துக் கடைக்காரர் பேபி அண்ணனாக வரும் அலென்சியர் நாடகக்காரர். அவர் ஒருமுறைகூட வேடிக்கை செய்ய முயல்வதில்லை. தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தீவிரமாகப் பாடுபடுகிறார், அவ்வளவுதான். அவர் கடையில் வேலைக்குச் சேரும் கிறிஸ்பினாக வரும் சௌபின் ஷாகிர் மட்டும் ஓரளவு பழைய மரபின் வாரிசு. முந்தைய ஆண்டு ‘பிரேமம்’ பார்த்தவர்கள் அவரைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

சண்டைக்கு வருகிறேன். மகேஷ் அடி வாங்கும் சண்டை அவனுடையதே அல்ல. எங்கோ யாருக்கோ ஏற்பட்ட எரிச்சல் கைமாறிக் கைமாறி, சம்பந்தமில்லாத ஆட்களைத் தொட்டு, கிறிஸ்பின் மேல் வந்து விழுகிறது. விலக்கிவிடப் போன மகேஷ் மாட்டிக்கொள்கிறான். தன்னை அடித்தவனின் பெயர் ஜிம்சன் என்பதுகூட அப்போது அவனுக்குத் தெரியாது. நம் படங்களில் பழிவாங்கலுக்கு ஒரு பெரிய காரணம் இருந்தாக வேண்டும். அப்பாவைக் கொன்றிருக்க வேண்டும், நிலத்தைப் பறித்திருக்க வேண்டும். இங்கே காரணத்தைத் தேடிப் பின்னால் போனால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. ஆனால் அவமானம் மட்டும் முழுசாக மிஞ்சுகிறது.

அந்த அவமானத்தின் அளவு புரிய வேட்டியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துத் தழைய விடுவது மரியாதை. வம்புக்குப் போகும்போது மடித்துக் கட்டுவது சவால். இது அங்கேயும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஆக ஓர் ஆணின் வீறாப்பு முழுவதும் அந்த நாலு முழத் துணியை ஏற்றி இறக்குவதில்தான் இருக்கிறது. மகேஷுக்கு அந்த வேட்டியே போய்விடுகிறது. கடைத்தெருவில், தினமும் முகம் பார்க்கும் ஆட்களுக்கு நடுவே, உள்ளாடையோடு கிடக்கிறான். செருப்பும் போய்விடுகிறது. வேட்டியைத் திரும்பக் கட்டிக்கொள்ளாமல் நடக்க முடியாது. செருப்பைத் திரும்பப் போடாமல் நடக்கலாம். சபதம் செருப்பின் மேல் வந்து விழுந்ததற்கு இதைவிடச் சரியான தர்க்கம் வேண்டுமா?

இதன் பிறகு வரும் பெரிய நகைச்சுவை, எதிரி கிடைக்காமல் போவது. ஜிம்சனைத் தேடிப் போனால் அவன் துபாய்க்குப் போய்விட்டான். சபதம் எடுத்தவன் மலையில் வெறுங்காலோடு காத்திருக்க வேண்டியதுதான். சௌமியா வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகிறாள். கவனித்துப் பாருங்கள்: இந்த ஊரின் எல்லா முடிவுகளும் வெளிநாட்டில் எடுக்கப்படுகின்றன. காதலை எடுத்துக்கொண்டு போனது ஒரு விசா, எதிரியை எடுத்துக்கொண்டு போனது இன்னொரு விசா. ஊரில் தங்கிவிட்டவனோ அந்த விசாக்களுக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுக்கிற ஆள். இதைப் படம் எந்த இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘பசுமையான மலையாளக் கிராமம்’ என்று எழுதித் தள்ளிய விமர்சனங்கள் இதை அவ்வளவாகக் கவனித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பாதியில் பழிவாங்கல் கதை பின்னால் போய், புகைப்படக் கதை முன்னால் வருகிறது. ஜிம்சனின் தங்கை ஜிம்சி ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிறாள். அவன் வழக்கமான மந்திரத்தை ஓதி எடுத்துத் தருகிறான். அவளுக்குப் பிடிக்கவில்லை; முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அடி வாங்கியபோது பட்ட வலியைவிட இது ஆழமாகத் தைக்கிறது. அப்பா எடுத்த பழைய படங்களை அப்போதுதான் அவன் சரியாகப் பார்க்கிறான். அந்த அப்பாவாக நடித்தவர் கே. எல். ஆன்டனி. வாழ்நாள் முழுவதும் நாடக மேடையில் இருந்தவர், எழுபதை ஒட்டிய வயதில் சினிமாவுக்குள் வந்தார். அவர் மனைவி லீனாவும் இதே படத்தில் நடித்திருக்கிறார். 2018 டிசம்பரில் ஆன்டனி இறந்தபோது, ஒரே படத்தால் ஒரு மனிதர் இத்தனை பேருக்குச் சொந்த அப்பாவாகிவிட முடியுமா என்று ஆச்சரியப்பட்டேன். அவர் மகனுக்குப் பாடம் நடத்துவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது உன் வேலை என்பதுபோல் ஒதுங்கி நிற்கிறார். பிறகு ஜிம்சிக்குத் தெரியாமல் மகேஷ் எடுத்த படம் பத்திரிகையில் வருகிறது. தாடையைத் தூக்கச் சொல்லாமல் எடுத்த படம்.

ஜிம்சியாக நடித்த அபர்ணா பாலமுரளி அப்போது கட்டடக்கலை மாணவி. நான்கு ஆண்டுகள் கழித்து ‘சூரரைப் போற்று’ படத்தில் நம்மவர்கள் அவரைப் பார்த்து வியந்தார்கள், தேசிய விருதும் கிடைத்தது. பேபி அண்ணனின் மகளாக வந்த லிஜோமோள் ஜோஸுக்கும் இதுதான் முதல் படம், இடுக்கிக்காரர். ‘ஜெய் பீம்’ செங்கேணி என்றால் உங்களுக்குச் சட்டென்று முகம் வரும். மகேஷாக நடித்த ஃபகத் ஃபாசில் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அதற்கு முந்தைய ஓராண்டில் அவருடைய படங்கள் அடுத்தடுத்துச் சரியாகப் போகவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இப்படி இருக்கும் நடிகர், கடைத்தெருவில் வேட்டி அவிழ அடி வாங்கி, அதற்குப் பிறகு பாதிப் படம் வெறுங்காலோடு நடக்கும் பாத்திரத்தை ஏற்றார் என்பது சின்ன விஷயம் இல்லை.

படம் 2016 பிப்ரவரி 5 அன்று வெளியானது. பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் வந்து, பார்த்தவர்கள் வாயால் பரவி, நன்றாக ஓடியது. மாநில அரசின் விருதுகளில் கலைமதிப்பும் மக்கள் வரவேற்பும் பெற்ற படம் என்ற விருதும், சிறந்த திரைக்கதைக்கான விருதும் கிடைத்தன. 64ஆவது தேசிய விருதுகளில் சிறந்த மலையாளப் படம், சிறந்த அசல் திரைக்கதை இரண்டும் இதற்கே. ஊரில் கேட்ட ஒரு செருப்புச் சபதத்துக்கு டெல்லியில் பரிசு.

விருதைவிட விநோதமான வரவேற்பு ஒன்று இணையத்தில் நடந்தது. ‘போத்தேட்டனின் பிரில்லியன்ஸ்’, அதாவது போத்தன் அண்ணனின் மேதைமை, என்று ஒரு சொற்றொடரே உண்டாகிவிட்டது. சுவரில் மாட்டியிருக்கும் படம் எது, பின்னால் போகும் ஆள் யார், இந்தக் காட்சியில் வந்த பொருள் அந்தக் காட்சியில் எங்கே வருகிறது என்று ரசிகர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேட ஆரம்பித்தார்கள். சில கண்டுபிடிப்புகள் நிஜமாகவே அழகானவை. நிறையக் கண்டுபிடிப்புகள் இயக்குநருக்கே செய்தியாக இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். புதையல் தேடுவதுபோல் படம் பார்ப்பதில் ஒரு நஷ்டம் உண்டு: பேபி அண்ணன் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்போம். இன்னொரு வரவேற்பு கசப்பானது. மலையாளப் பேச்சு வழக்கில் காதலில் கைவிடுவதற்குத் ‘தேப்பு’ என்று ஒரு சொல் உண்டு. சௌமியாவை ‘தேப்புக்காரி’ என்று கிண்டல் செய்து படங்கள் குவிந்தன. படமோ அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே இல்லை. வீட்டின் வற்புறுத்தலும் தன் எதிர்காலமும் சேர்ந்து அவளை ஒரு முடிவுக்குத் தள்ளுகின்றன. சௌமியாவாக நடித்த அனுஸ்ரீ அந்தத் தயக்கத்தை முகத்தில் அவ்வளவு நேர்மையாகக் காட்டியிருந்தும், பார்த்தவர்களில் பலர் மகேஷின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தார்கள்.

எனக்கும் ஒரு குறை உண்டு, நம் பக்கத்துக் குறை. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தோட்டத் தொழிலாளர்களாகத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். 1956 மாநிலப் பிரிப்பின்போது தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று எவ்வளவு போராட்டம் நடந்தது என்பது பழையவர்களுக்கு நினைவிருக்கும். இடுக்கியைப் பெண்ணாகப் பாடும் படத்தில் அந்த மக்கள் கதையின் நடுவுக்கு வரவில்லை. பிரகாஷ் குடியேறிய விவசாயிகளின் ஊர், தோட்டப் பகுதி வேறு என்று வாதாடலாம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தாமல் இருப்பதில்லை.

இப்போது ‘நிமிர்’. 2018 ஜனவரியில் பிரியதர்ஷன் இயக்கத்தில் வந்தது. உதயநிதி ஸ்டாலின் நாயகன். பாத்திரத்தின் பெயர் நேஷனல் செல்வம், கடை நேஷனல் ஸ்டுடியோ. களம் தென்காசி, குற்றாலம் பகுதி. பிரியதர்ஷன் நகைச்சுவை தெரியாதவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 1980, 90களில் மலையாளத்தைச் சிரிக்க வைத்தவர்களில் அவர் முதல் வரிசை. சிக்கல் அங்கேதான். அவருடைய நகைச்சுவை ஆள்மாறாட்டத்தில், குழப்பம் குட்டிபோட்டுப் பெருகுவதில், கடைசியில் எல்லோரும் ஓடித் துரத்துவதில் இருக்கிறது. ‘மகேஷ்’ நகைச்சுவையோ பேசாமல் நிற்பதில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தாளம். இந்தத் தாளத்துக்கு அந்தக் கை பழகவில்லை.

நடிகர் தேர்விலும் ஒரு முடிச்சு விழுந்தது. அசலில் ஜிம்சனாக வந்த சுஜித் சங்கர் அன்றைக்குப் பெரும்பாலான பார்வையாளர்களுக்கு அறிமுகமில்லாத முகம். சந்திப்பில் எதிர்ப்பட்ட யாரோ ஒருவன் என்பதை நாம் அப்படியே நம்புகிறோம். தமிழில் அந்த இடத்தில் சமுத்திரக்கனி. அவர் முறைத்தவுடனே இது பெரிய பகை, இடைவேளைக்குப் பிறகு பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று நம் மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. தற்செயல் என்பதே போய்விட்டது. தற்செயல் போனால் இந்தக் கதையில் மிஞ்சுவது நீங்கள் கேள்வியில் எழுதிய அந்த மூன்று வரிதான். அடி வாங்குகிறவர் யார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. உதயநிதி பாத்திரத்துக்கு அடங்கி நடிக்க உண்மையாகவே முயன்றிருக்கிறார். ஆனால் பெயருக்குப் பின்னால் அவ்வளவு பெரிய குடும்பம் நிற்கும் ஒருவர் கடைத்தெருவில் நாதியற்றுக் கிடப்பதை நம்பப் பார்வையாளனும் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் மனம்விட்டுப் பாராட்டுவேன்: அப்பாவாக இயக்குநர் மகேந்திரனை உட்கார வைத்தது. ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தவர் ஒரு பழைய புகைப்படக்காரராகத் திரையில் அமைதியாக இருப்பதற்குத் தனியாக நடிப்பு தேவைப்படவில்லை. அந்தக் காட்சிகளுக்காகப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

மறுவாக்கமே கூடாது என்பது என் கட்சி இல்லை. தெலுங்கில் வெங்கடேஷ் மகா 2020இல் ‘உமாமகேஸ்வர உக்ர ரூபஸ்ய’ என்று எடுத்தார். அவர் அதற்குமுன் ‘கேராஃப் கஞ்சரபாலம்’ படத்தை விசாகப்பட்டினத்தின் ஒரு பகுதியில், அந்தப் பகுதி ஆட்களையே நடிக்க வைத்து எடுத்தவர். இந்தக் கதையை அரக்குப் பள்ளத்தாக்கில் வைத்தார். காட்சிகள் பெரும்பாலும் அசலை ஒட்டியே போகின்றன, இசையும் பிஜிபால்தான். ஆனாலும் அரக்கின் குளிரும் பேச்சும் அந்த ஊருக்கே உரிய சோம்பலும் உள்ளே வந்துவிட்டன. நாயகன் சத்யதேவும் தோளில் எந்தச் சுமையும் இல்லாமல் அடி வாங்கினார். கொரோனா காலமாதலால் நெட்ஃபிளிக்ஸில் நேரடியாக வந்தது.

இறுதிச் சண்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஜிம்சன் ஊர் திரும்புகிறான். மகேஷ் அதற்குள் குங்ஃபூ வகுப்பெல்லாம் போயிருக்கிறான். எதிரியின் தங்கையைக் காதலித்தும் விட்டான். இருவரும் கட்டிப் புரளும் அந்தச் சண்டையில் பறந்து உதைப்பது கிடையாது. மூச்சு வாங்குகிறது, பிடி நழுவுகிறது, சுற்றி நிற்பவர்கள் தலையிடாமல் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவழியாகக் கையை முறுக்கிப் பணிய வைக்கிறான். சபதம் தீர்ந்தது. அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போய், அடிபட்டுக் கிடப்பவன் முன்னாலேயே அவன் அம்மாவிடம் பெண் கேட்கிறான். படம் அங்கே சட்டென்று முடிகிறது. அந்தக் குடும்பம் என்ன பதில் சொன்னது என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. மறுபடி பார்ப்பதாக இருந்தால் கீழே ஓடும் ஆங்கில வரிகளை அணைத்துவிடுங்கள். அந்த மலையாளத்தில் முக்கால்வாசி நமக்குப் புரியக்கூடியதுதான். ஓடையில் செருப்புக் கழுவும் காட்சியை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.